மயிலுக்கு அடியில் ஒரு காதுவெட்டு

அத்தியாயம் 17

பல் விளக்கி முடிப்பதற்குள் மாரிசெல்வி லிங்கராஜை மனசுக்குள் மூன்று விதமாகப் பழிவாங்கிவிட்டாள்.

முதல் விதத்தில் அவர் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று, போகிற வருகிற கண்டக்டர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டார். இரண்டாவதில் தன் கடை போர்டைத் தானே ஏணி போட்டுக் கழற்றினார். மூன்றாவதை வாரப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

"வாயைக் கொப்பளிச்சிட்டு வந்து காப்பியக் குடிட்டி. பிரஷ்ஷைத் தின்னுருவ போலிருக்கு" என்றான் செண்பகராஜ்.

அவன் அவள் கணவன். தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வை. இன்றைக்கு லீவு. லிங்கராஜ் அவனுக்கு உடன்பிறந்த அண்ணன், மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். அண்ணன் தும்மினால் தம்பி இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்வான். அப்படி ஒரு பாசம், அப்படி ஒரு பயம்.

நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நாலு வருஷமாகக் கழுகுமலை பங்குனித் திருவிழாவுக்கு ஒரு காவடிக் கமிட்டிக்கு நூற்றியெட்டுத் துணியில் மயில் பின்னிக் கொடுப்பவள் மாரிசெல்வி. மெஷின் அவளுடையது, மயிலும் அவளே கம்ப்யூட்டரில் வரைந்தது. போன ஆவணியில் லிங்கராஜும் ஒரு எம்ப்ராய்டரி மெஷின் வாங்கினார். பங்குனி வந்ததும், கேட்பதற்கு முன்னாலேயே நூற்றியெட்டுத் துணியும் தைத்துக் கமிட்டி முன்னால் கொண்டுபோய் அடுக்கிவிட்டார். அச்சு அசல் அதே மயில். அதோடு விட்டாரா? "இது என் டிசைன். எந்தம்பி பொண்டாட்டிதான் நாலு வருசமா என் மயிலைத் திருடித் தைக்கா" என்று சபையில் சொன்னார்.

மாரிசெல்வி சும்மா இருப்பாளா? "எம் மயிலுக்கு அடியில எங்கப்பா ஆட்டுக்குப் போடுத காதுவெட்டு அடையாளம் தைச்சிருக்கேன். மேல் நூலைப் பிரிச்சா தெரியும்" என்று போட்டாள் ஒரு போடு.

கமிட்டித் தலைவர் பூவனநாதன் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். சாமி தோளுக்குப் போகிற துணியைக் கண்டபடி கிழிக்கக் கூடாது. ஒரே ஒரு இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத்தான் பிரிக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அடையாளம் இருந்தால் லிங்கராஜுக்கு என்ன தண்டனை என்று மாரிசெல்வி சொல்லலாம். இல்லாவிட்டால் சபையில் வைத்து லிங்கராஜ் காலில் அவள் விழ வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல்தான். அடையாளத்தை எந்தத் தோகைக்கு அடியில் தைத்தோம் என்பது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

நாலு வருஷம். ஒரு மயிலுக்கு முப்பத்தெட்டாயிரம் தையல். தைத்த துணியெல்லாம் மலைக்குப் போய்விட்டது, வீட்டில் ஒன்றுகூட இல்லை. அசல் டிசைன் ஃபைல் பென்டிரைவில் இருக்கிறது. அதைத் திறந்தால் எந்தத் தையல் எங்கே என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் அதைத் திறக்கிற சாப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டுந்தான் ஓடும். அவள் கம்ப்யூட்டரில் இருந்ததோ லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளம்.

அதுவும் லிங்கராஜ் செய்த வேலைதான். ஐப்பசியில் ஒருநாள் அவள் பசுவந்தனைக்கு அப்பாவைப் பார்க்கப் போயிருந்தபோது கம்ப்யூட்டர் பழுதாகி, செண்பகராஜ் அதை மொபெட்டில் வைத்துக் கட்டி அண்ணன் கடைக்குக் கொண்டுபோனான். போகும்போது விண்டோஸ், வரும்போது லினக்ஸ். "வைரஸ் தின்னுட்டு. இனிமே இதான். ஒன் சாப்ட்வேர் இதுல ஓடாது. பேசாம பூக்கட்டப் பழகு" என்று சொல்லியனுப்பினார் லிங்கராஜ்.

அவள் பூக்கட்டப் பழகவில்லை. லினக்ஸைப் பழகினாள். ஆசையிலா பழகினாள்? வஞ்சத்தில் பழகினாள். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினாள். அந்த ஐந்து மாதத்தில் அந்த வீட்டில் கருகாத குழம்பே கிடையாது. தெருநாய்கூட அந்த வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கும்.

"இப்ப என்னதான் செய்யப்போற?" என்றான் செண்பகராஜ்.

"கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் உண்டாக்கப்போறேன். விர்ச்சுவல் மெஷின். வெளிய லினக்ஸ் இருக்கும், உள்ள பெட்டிக்குள்ள விண்டோஸ் ஓடும். மெஷின் வாங்கும்போது ரெண்டு சிடி குடுத்தாம்லா, விண்டோஸ் ஒண்ணு, டிசைன் சாப்ட்வேர் ஒண்ணு. ரெண்டையும் அந்தப் பெட்டிக்குள்ள ஏத்திருவேன்."

"அதெல்லாம் நடக்குத காரியமாட்டி?"

"நடக்காட்டா உங்க அண்ணன் கால்ல நான் விழணும். அதைவிட நான் பிறவிப்பெருமாள் டீக்கடை கொதிக்கிற பாய்லர்ல விழுவேன்."

ஏழரைக்கு விர்ச்சுவல் மெஷின் சாப்ட்வேரை இறக்கினாள். ஏறியது. பெட்டியைத் தொடங்கச் சொன்னாள். சிவப்பாக ஒரு செய்தி வந்து, கெர்னல் டிரைவர் இல்லை, முடியாது போ என்றது.

அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். அதே சிவப்பு. மறுபடியும் அழித்தாள். மறுபடியும் சிவப்பு. மூன்றாம் தடவை திரையைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தைக்கு அடுத்த வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

அப்புறந்தான் நிதானத்துக்கு வந்தாள். பிழைப் பதிவேட்டைத் திறந்து கடைசி ஆறு வரியை விரல் வைத்துப் படித்தாள். விஷயம் அங்கே கிடந்தது. லினக்ஸின் உயிர்நாடிக்குப் பெயர் கெர்னல். போன வாரம் அப்டேட் போட்டபோது அது புதுசாக மாறிவிட்டது. அந்தப் புதுக் கெர்னலுக்குத் தோதாக டிரைவரைக் கட்டுவதற்கு வேண்டிய கோப்புகள் இவளிடம் இல்லை.

ஆட்டுக்காரர் மகளுக்கு இது புரியாதா? தாய் செத்த குட்டியை வேறொரு ஆட்டிடம் விட்டால் உதைத்துத் தள்ளும். அந்த ஆட்டின் வாசனையைக் குட்டி மேல் பூசி விட்டால் பேசாமல் பால் கொடுக்கும்.

"வாசனை பூசணும், அவ்வளவுதான்" என்றாள்.

"யாருக்கு?" என்றான் செண்பகராஜ் பதறி.

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். இப்போது ஓடுகிற கெர்னல் எந்த எண் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டாள், அதே எண்ணுக்கான கோப்புகளைச் செல்போன் நெட்டிலிருந்து இறக்கினாள், டிரைவரைத் திரும்பக் கட்டச் சொன்னாள். வரிவரியாக ஓடியது. சிவப்பு வரவில்லை.

மணி ஒன்பதரை. செல்போன் அடித்தது. லிங்கராஜ்.

"என்னம்மா மாரி, சாப்பிட்டியா?"

"ஆச்சு அத்தான். நீங்க?"

"எனக்கு எங்க எறங்குது. நீ கால்ல விழும்போது கூச்சமா இருக்கக்கூடாதுல்லா, அதான் காலைத் தேய்ச்சுக் குளிச்சிக்கிட்டு இருக்கேன். ஒங்கக்கா வெயிலம்மா பித்தவெடிப்புக்கு மருந்துகூடப் போட்டுவிட்டா."

பின்னால் அவர் மனைவி வெயிலம்மாள் சிரிக்கிற சத்தம், பித்தளைப் பாத்திரக் கடையில் பூனை புகுந்த மாதிரிக் கேட்டது.

"நல்லாத் தேய்ங்க அத்தான்" என்றாள் மாரிசெல்வி. "சாயங்காலம் ஓடுததுக்குத் தோதா இருக்கும்."

போனை வைத்தாள். நான்காவது விதமாகப் பழிவாங்க ஒரு யோசனை அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது. அது எப்படிப்பட்டது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் செண்பகராஜ் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான்.

விண்டோஸ் சிடியைப் போட்டுப் பெட்டியைத் தொடங்கினாள். இந்தத் தடவை வேறு பல்லவி. பிராசஸரில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிற வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் தொடங்கும்போது வருகிற பயாஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்கு என்றது.

"இவ்வளவுதானா" என்று கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நீலத்திரை வந்தது. நடுவில் ஒரு சின்னக் கட்டம்.

பாஸ்வேர்டு.

அவள் ஒருநாளும் அங்கே பாஸ்வேர்டு வைத்ததில்லை. அந்தக் கதவு இருப்பதே அவளுக்கு ஐந்து மாதமாகத்தான் தெரியும்.

"பூட்டிட்டு அனுப்பியிருக்காரு" என்றாள் மெதுவாக. "விண்டோஸை எடுத்தது மட்டுமில்ல. திரும்ப உள்ள வந்துரக் கூடாதுன்னு வாசலையும் பூட்டியிருக்காரு. வைரஸாம்லா, வைரஸ்."

செண்பகராஜ் மின்விசிறியைப் பார்த்தான். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கு வேர்த்துக்கொண்டும் இருந்தது.

லிங்கராஜ் பெயர், அவர் கடை பெயர், வெயிலம்மாள் பெயர். மூன்று தப்பானதும் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. அணைத்துப் போட்டு இன்னொரு மூன்று. அதுவும் போச்சு. மணி பதினொன்று.

மாரிசெல்வி எழுந்தாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கம்ப்யூட்டரின் கரண்டைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள்.

"என்னட்டி செய்யுத?"

"உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. அதைக் கழத்திட்டா பாஸ்வேர்டு மறந்துபோகுமாம். கழத்தப்போறேன்."

"கழத்தாத. மொத்தமும் போயிருச்சுன்னா?"

"போனாப் போகுது. இருந்து மட்டும் என்ன செய்யுது?"

ஸ்க்ரூடிரைவர் பேட்டரிக்கு அடியில் நுழைந்தது. செண்பகராஜ் அவள் கையைப் பிடித்தான்.

"இரு. மைக்கண்ணன்னு போட்டுப் பாரு."

மைக்கண்ணன் அண்ணன் தம்பி பிறந்த வீட்டில் வளர்ந்த கிடா. கிடாமுட்டுச் சண்டையில் நாலு ஊர்க் கிடாவை ஓடவிட்டது. செத்துப் பதினைந்து வருஷம் ஆகியும் லிங்கராஜ் அதன் போட்டோவைக் கடையில் மாலை போட்டு மாட்டியிருக்கிறார். அவர் வேறென்ன பாஸ்வேர்டு வைப்பார் என்பது நியாயந்தான்.

தகட்டை அப்படியே விட்டுவிட்டு, கரண்டைப் போட்டு, ஆங்கில எழுத்தில் அடித்தாள். தப்பு என்றது.

"பின்னால ஏழு மூணு பூஜ்யம் ஆறு சேத்துப் போடு" என்றான் செண்பகராஜ், தரையைப் பார்த்துக்கொண்டே.

அடித்தாள். கதவு திறந்தது.

அவளுக்கு அப்போது அந்த வசதி எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கண்ணில் படவில்லை. தேடிப் பிடித்தாள், இயக்கினாள், சேமித்து வெளியே வந்தாள். பெட்டியைத் தொடங்கினாள். லினக்ஸின் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து, அதற்குள் விண்டோஸ் மெல்லக் கண் விழித்தது.

முக்கால் மணி நேரம் ஏறியது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் திரையை முறைத்தாள். பயத்திலேயே அது வேகமாக ஏறியிருக்கும். பிறகு டிசைன் சாப்ட்வேர். பிறகு பென்டிரைவ். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. செருகின பென்டிரைவ் வெளியே லினக்ஸுக்குத் தெரிந்தது, உள்ளே இருக்கிற விண்டோஸுக்குத் தெரியவில்லை. லினக்ஸில் அதற்கென்று ஒரு பயனர் குழு இருக்கிறது, அதில் பெயரைச் சேர்த்தால்தான் உள்ளே விடும் என்று எங்கோ படித்த ஞாபகம். குழுவில் தன் பெயரைச் சேர்த்தாள். ஒருதரம் வெளியேறித் திரும்ப உள்ளே வந்தாள். தெரிந்தது.

ஒன்றே முக்காலுக்கு மயில் திரையில் நின்றது.

தையலை முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். கழுத்து, உடம்பு, கால். இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தோகைகள். ஒன்பதாவது தோகையின் கண்ணுக்கு நேர் கீழே, பச்சை நூல் வந்து மூடுவதற்குச் சற்று முன்னால், கறுப்பு நூலில் சின்னதாக ஒரு ஆட்டுக்காது வந்தது. அதில் இரண்டு வெட்டு, நடுவில் ஒரு ஓட்டை. அடுத்த நொடி பச்சை நூல் மேலே படர்ந்து மூடிவிட்டது.

அவள் அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்றாம் தடவை அவசியமே இல்லை. ருசிக்காகப் பார்த்தாள்.

தையல் பிரிக்கிற சின்னக் கத்திகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "சட்டையப் போடுங்க. ரெண்டரை வண்டியப் பிடிக்கணும்" என்றாள்.

கழுகுமலையில் கமிட்டி மண்டபம் நிறைந்திருந்தது. ஐம்பது பேர் உட்காரும் இடத்தில் ஐந்நூறு பேர் இருந்ததாகப் பிறகு ஊரில் சொன்னார்கள். குறைத்துச் சொல்லியிருப்பார்கள். லிங்கராஜ் வெள்ளை வேட்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாதம் பளபளவென்று இருந்தது. நூற்றியெட்டுத் துணியும் அவர் பக்கத்தில் மலை மாதிரி அடுக்கியிருந்தது.

"வாம்மா" என்றார் பூவனநாதன் அண்ணாச்சி. "எங்கன பிரிக்கணும்னு சொல்லு. ஒரு எடந்தான்."

"எந்தத் துணின்னு நீங்களே எடுத்துக் குடுங்க அண்ணாச்சி."

அவர் அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். மாரிசெல்வி அதை விரித்தாள். இடமிருந்து எண்ணினாள். ஒன்பது.

"யோசிச்சுக்கோ மாரி" என்றார் லிங்கராஜ். "இப்பவே விழுந்துட்டா பாதி மரியாதையாவது மிஞ்சும்."

அவள் கத்தியை நூலுக்கு அடியில் கொடுத்தாள். ஒரு இழை, இரண்டு இழை. பச்சை நூல் சுருண்டு எழுந்தது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள், பக்கத்திலிருந்தவர் அவர் வாயைப் பொத்தினார்.

கறுப்பாக ஒரு ஆட்டுக்காது வெளியே வந்தது. இரண்டு வெட்டு. நடுவில் ஒரு ஓட்டை.

பூவனநாதன் அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். நிமிரவே இல்லை. குனிந்தபடியே பேசினார்.

"இது பசுவந்தனை இசக்கிபாண்டி அடையாளம்லா. இருவது வருசமா அவரு ஆடுதான் எங் கரிசல்ல கிடை கிடக்கு. எங் காட்டுல விளையுத ஒவ்வொரு மக்காச்சோளக் கதிரும் இந்தக் காதுவெட்டு ஆடு போட்ட உரம். எனக்குத் தெரியாதா?" இப்போது நிமிர்ந்தார். "லிங்கராஜ், ஒம் மயிலுக்குள்ள இவ அப்பன் ஆடு எப்படிய்யா வந்துச்சு?"

லிங்கராஜ் துணியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"அது... பாத்து வரைஞ்சேன்."

"பாத்து வரைஞ்சா மேல இருக்கதுதான அத்தான் வரும்?" என்றாள் மாரிசெல்வி. "அடியில மறைஞ்சிருக்கது ஃபைலைத் திருடினாத்தான் வரும். நீங்களும் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைதான். அடுத்தவன் கெடை ஆட்டை ஓட்டிட்டுப் போகும்போது காதைத் தடவிப் பாக்கணும்னு ஒங்கப்பா சொல்லித்தரலியா?"

மண்டபம் சிரித்த சிரிப்பில் மலையில் இருந்த குரங்குகள் ஒரு படி மேலே ஏறிவிட்டன. வெயிலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கணவனின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து வீணாகிப்போன வருத்தம்.

"சரி தாயி" என்றார் பூவனநாதன். "தண்டனை நீ சொல்லு. கால்ல விழச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. பெரியவிய. இடுப்புப் பிடிச்சுக்கும்."

லிங்கராஜ் முகத்தில் லேசாக உயிர் வந்தது.

"திருட்டு மயிலைச் சாமி தோள்ல ஏத்தக் கூடாதுல்லா. துணி நல்ல துணி, வீணாக்க வேண்டாம். அத்தானே இந்த மண்டபத்துல, இதே எடத்துல உக்காந்து, தைச்ச மயிலையெல்லாம் கையால பிரிச்சுத் தரட்டும். நான் அதே துணியில திரும்பத் தைச்சுக்கிடுதேன்." கையிலிருந்த கத்தியை அவர் மடியில் வைத்தாள். "ஒரு மயிலுக்கு முப்பத்தெட்டாயிரம் தையல். மொத்தம் நாப்பத்தோரு லட்சத்து நாலாயிரம். இந்த மயில்ல நான் இருவது இழை பிரிச்சிட்டேன், அதைக் கழிச்சுக்கிடலாம்."

அதுதான் அந்த நான்காவது விதம்.

மண்டபத்தை விட்டு இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். லிங்கராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணுக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்து, முதல் இழையைத் தேடிக்கொண்டிருந்தார். வெயிலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பொறுக்கினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. வெளியே கரிசல் காடு அறுவடை முடிந்து வாய் பிளந்து கிடந்தது. செண்பகராஜ் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்று வாயில் போட்டான். காலையிலிருந்து இப்போதுதான் அவன் முகம் தெளிந்திருந்தது.

மாரிசெல்வி மென்றுகொண்டே அந்த நாளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள், மயில் தையலை ஓட்டிப் பார்த்த மாதிரி, ஒவ்வொன்றாக. சிவப்புச் செய்தி. புதுக் கெர்னல். நீலத்திரை. அவள் கையைப் பிடித்த அந்தக் கை.

மெல்லுவது நின்றது.

"என்னங்க."

"ம்."

"மைக்கண்ணன் சரி. அது ஊருக்கே தெரிஞ்ச கெடா. யாரு வேணாலும் சொல்லிருவா."

"அதான் சொன்னேன்."

"பின்னால அந்த நாலு நம்பரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செண்பகராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினான். வாயில் கடலைமிட்டாய் அப்படியே இருந்தது. கடிக்கவில்லை, விழுங்கவும் இல்லை.

"ஐப்பசியில நான் பசுவந்தனைக்குப் போனப்ப," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல், "கம்ப்யூட்டரு நெசமாவே பழுதாச்சா?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

மாரிசெல்வி கைப்பையைத் திறந்து உள்ளே கையை விட்டாள். லிங்கராஜிடம் கொடுத்துவிட்டு வந்தது ஒரு கத்தியைத்தான். தையல்காரி எவளும் ஒரே ஒரு கத்தியோடு வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.